பொங்கல் கல்லடி மண்

ஜீவானந்தம் காலமாகி நாற்பது நாள் ஆகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் அவர் பேச்சை எடுத்தால் முதலில் ஒரு சிரிப்பு வரும். பரிசோதனைக்கு மண் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தால், பையைப் பிரிப்பதற்கு முன்பே கேள்வி ஆரம்பித்துவிடும். எந்த இடத்தில் எடுத்தது, எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் எருக்குழி உண்டா, எப்போதாவது அடுப்பு மூட்டியதுண்டா, எடுத்தது நீங்களா வேறு ஆளா. பதில் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு தோட்டத்துக்கே வந்து நிற்பார். மண்ணுக்குப் போலீஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. கோபித்துக்கொண்டதில்லை.

அவர் எப்போதும் அப்படி இருந்தவரல்ல. வேலையில் சேர்ந்த முதல் பதினெட்டு வருடம் அவர் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்த குடும்பம். அம்மா ராசாத்தி காப்பி பறித்தாள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை அறையில் படித்து, விடிகாலை முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் வேதியியல் படித்தார். ஒருமுறை கல்லூரி நண்பர்கள் ஏரி பார்க்க வந்திருந்தார்கள். வேலை முடிந்து கூடையோடு வரிசையில் நடந்து வந்த ராசாத்தி, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து "கண்ணு" என்று கூப்பிட்டாள். அவர் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் மறுபடி கூப்பிடவில்லை. தான் முதன்முதலில் வெட்கப்பட்டது தவறான இடத்தில் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் ஆய்வகத்தில் ஜன்னல்களை மூடிவிட்டு, நிறமாலைமானியின் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார்கள். சுடரில் உப்பைக் காட்டியதும் கருப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு எழுந்தது. உற்றுப் பார்த்தால் அது ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு. உப்பு சமையலறையிலிருந்து வந்தாலும் கடலிலிருந்து வந்தாலும் அந்த இரண்டு கோடும் அதே இடத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய நிறங்களை மட்டும் உமிழும். வெளிச்சத்தைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எத்தனை பிரகாசம் என்று அளந்தால் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். ஒருவரும் தொட முடியாத நட்சத்திரத்தில் இரும்பு இருக்கிறது என்று சொல்வது அப்படித்தான். ஹீலியம் என்ற வாயுவை மனிதன் பூமியில் காண்பதற்கு முன்பே சூரியனில் கண்டதும் ஒரு மஞ்சள் கோட்டை வைத்துத்தான். வானத்துக்கும் சரி, அடுப்படிக்கும் சரி, ஒரே சட்டம். லைன் வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்த நியாயம் பிடித்துப்போனது. வெளிச்சம் ஆள் பார்த்துப் பேசாது என்று நினைத்தார்.

தோட்டக்காரர்கள் சங்கம் ஒன்று நடத்திய மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே இருந்தது ஃபிளேம் போட்டோமீட்டர் என்னும் கருவி. அதே நிறமாலை வித்தையின் எளிய வடிவம். மண்ணைக் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, வந்த நீரை மெல்லிய குழாய் வழியே எரிவாயுச் சுடரில் தெளித்தால், அதில் பொட்டாசியம் இருந்தால் அது தன் நிறத்தைக் காட்டும். பொட்டாசியத்தின் நிறத்தை மட்டும் உள்ளே விடும் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஓர் ஒளியுணரி, முன்னால் எண். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பிக்குப் பொட்டாஷ் உரம் எவ்வளவு போடலாம் என்று எழுதிக் கொடுப்பார். ஒரு காலத்தில் அம்மா யாருடைய தோட்டத்தில் கூடை சுமந்தாளோ அவர்களே வந்து, சார் என்ன சொல்லுது மண்ணு, என்று நின்றார்கள். அந்த நிற்றல் அவருக்கு நன்றாக இருந்தது.

மாரமங்கலத்துச் சென்றாயன் வந்தது ஒரு வைகாசி மாதத்தில். இரண்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகு, ஓரத்தில் கொஞ்சம் சாமை. மலையில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிற குடும்பம். ஐம்பத்தைந்து வயதில் முதன்முறையாக மண்ணைப் பரிசோதிக்க வருகிறார். எல்லோரும் உரச் சாக்கிலும் பால் கவரிலும் கொண்டுவரும் மண்ணை அவர் புது மஞ்சள் துணியில் முடிந்து, இரண்டு கையாலும் நீட்டினார். கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிற லூர்துசெல்விக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்கண்ணா, மண்ணு கொண்டாந்தீங்களா, பரிசம் போட வந்தீங்களா?"

"மண்ணும் நம்மூட்டுப் புள்ளதானுங்க அம்மிணி" என்றார் சென்றாயன்.

அவருக்குச் சுடரைப் பார்க்க ஆசை. ஜீவானந்தம் ஒரு சிட்டிகை உப்பு நீரைத் தெளித்துக் காட்டினார். நீலமாக நின்ற தீ சட்டென்று மஞ்சளானது. சென்றாயன் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த மரியாதையில் ஜீவானந்தத்துக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்துவிட்டது.

"பொய் சொல்ற ஆளுங்களை நெறையப் பாத்திருக்கேனுங்கண்ணா. பொய் சொல்ற தீயை இன்னும் பாக்கலீங்க."

மறுநாள் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த லூர்துசெல்வி, இதில் கரித்துண்டு கிடக்கிறது சார் என்றாள். சருகு எரித்திருப்பார்கள், சலித்துப் போடுங்கள் என்றார் அவர். பிற்பகலில் அமில-கார அளவைப் பார்த்தால் எட்டைத் தாண்டியது; ஏழுக்கு மேல் போனாலே காரம். சேர்வராயன் மலையில் மழை அடித்துக் கழுவிய மண் ஐந்து, ஐந்தரைக்கு மேல் போவது அபூர்வம். பொட்டாசியமோ எண் பலகையை விட்டே வெளியே போய்விட்டது. பத்து மடங்கு நீர் சேர்த்துத்தான் அளக்க முடிந்தது. அவர் புருவத்தைச் சுருக்கினார் என்பது உண்மை. பெரிய எஸ்டேட் ஒன்றின் மேனேஜர் வெளியே காத்திருந்தார் என்பதும் உண்மை. மாதிரி எடுத்த விதம் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பத்து இடங்கள், ஒன்பது அங்குல ஆழம் என்று அதில் எழுதினார். சென்றாயனிடம் கேட்டு எழுதவில்லை. யாரிடமும் கேட்டு எழுதியதில்லை. எல்லாப் படிவத்திலும் அதேதான் இருக்கும். கீழே எழுதினார்: சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிக அதிகம், பொட்டாஷ் இட வேண்டாம், சுண்ணாம்பு இட வேண்டாம்.

சென்றாயன் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, எழுத்துக்கு எழுத்து அதன்படி நடந்தார். அதே வருடம் ஆவணியில் மகன் அன்பழகனுக்குக் கல்யாணம். மருமகள் சுதாராணி வெள்ளக்கடைப் பெண்.

மூன்று வருடம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கையில் மண் இல்லை. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"சாருங்க, உங்க மிசின்ல தோஷம் தெரியுமுங்களா?"

கேட்டவர் சிரிக்காததால் ஜீவானந்தமும் சிரிக்கவில்லை. பிஞ்சு நிற்காமல் உதிர்கிறது, பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் பாதி மிதக்கிறது, இலையெல்லாம் ஓரம் கருகுகிறது என்றார் சென்றாயன். அன்றே அவருக்குப் பின்னால் மாரமங்கலம் போனார் ஜீவானந்தம். தோட்டத்தில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் யாரோ பீடியால் சுட்டுவைத்ததுபோல் பழுப்பேறி நின்றது. பொட்டாசியம் இல்லாமல் செடி பட்டினி கிடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் பாடப் புத்தகத்தில்கூட இல்லை. அன்று மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். மூன்று வருடம் பிந்தி.

"கண்ட எடத்துலயா எடுப்பேன்? வாங்க, காட்டறேன்."

பலா மரத்தடியில் கரிபிடித்த மூன்று கல். வருடா வருடம் பழம் பறிக்கத் தொடங்குமுன் அந்தக் குடும்பம் மலைத் தெய்வமான சேர்வராயனுக்குப் பொங்கல் வைக்கும் இடம். நிலத்திலிருந்து எது வெளியே போவதானாலும் முதல் பிடி அங்கிருந்துதான் எடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். விதைத் தானியம் கொடுத்தாலும் அப்படி, கல்யாணப் பந்தக்காலுக்கு மண் எடுத்தாலும் அப்படி. காட்டு மண், அதாவது விளைகிற நிலத்து மண், வேண்டும் என்று சங்கத்துத் தாளில் அச்சடித்துக் கேட்டிருக்கிறார்களே என்று, விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் துணியோடு, மூன்று கல்லுக்கு நடுவே தோண்டி எடுத்திருக்கிறார் சென்றாயன். மூன்று தலைமுறையின் அடுப்புச் சாம்பல். சுடர் பொய் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னது. எங்கிருந்து வந்தது என்பது சுடருக்குத் தெரியாது. அதை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

பிழை தன்னுடையது என்று ஜீவானந்தம் அங்கேயே சொல்லியிருக்கலாம். பலா மரத்தடியில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. சொல்லவில்லை.

வீட்டு வாசலில் சுதாராணி அவருக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சென்றாயனின் மனைவி சென்னம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டே, அவள் காதில் விழட்டும் என்றே பேசினாள்.

"இந்தக் காலு வாசப்படி மிதிச்ச வருசம் பிஞ்சு உதுர ஆரம்பிச்சுதுங்க சாரு. இன்னும் நிக்கல."

சுதாராணி டம்ளரை வாங்கிப்போகக் காத்துக்கொண்டு நின்றாள். அவர் காப்பியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

பத்து இடத்தில் அவரே தோண்டி எடுத்த மண்ணில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்தது. அமிலம் மிகுந்திருந்தது. சுண்ணாம்பு, பொட்டாஷ், எந்த மாதத்தில் எவ்வளவு என்று புதுத் தாளில் எழுதிக் கொடுத்தார். முன்னே வேண்டாம் என்றீர்களே என்று சென்றாயன் சந்தேகமாகத்தான் கேட்டார். "மண்ணு மாறிருச்சுங்கண்ணா. மழை அப்படி" என்றார் ஜீவானந்தம். பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். செடி தேறிவிட்டால் பேச்சும் தானே அடங்கிவிடும் என்று மனதைச் சமாதானப்படுத்தினார். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

செடி தேறியது. இரண்டாம் வருடத்தில் கிளை வளைகிற அளவுக்குக் காய். கார்த்திகையில் சென்றாயன் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிறோம், அவசியம் வர வேண்டும் என்றார்.

"போன தையில அந்தப் புள்ளயை வெள்ளக்கடைக்கே அனுப்பிட்டோமுங்க. அதுக்கப்புறந்தான் செடி மூச்சு உட்டுது. இனி பெரியவங்களை வெச்சு அத்து உட்டுறலாம்னு இருக்குதுங்க. அவளைச் சொல்லி என்ன, அவ நேரம் அப்படி."

கெட்ட மனிதரல்ல. நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். ஜீவானந்தம் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தான் ரகசியமாகச் செய்த வைத்தியமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது. அவள் இருந்தாள், செடி வாடியது. அவள் போனாள், செடி பிழைத்தது. ஊர் இதற்கு மேல் என்ன அளந்து பார்க்கும்?

சென்றாயன் படியிறங்கிப் போனபின் லூர்துசெல்வி குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சார், அந்தக் கரி" என்றாள்.

அவள் ஐந்து வருடமாக அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. சங்கத்துச் செயலாளரிடம் போய்ச் சொன்னார். எழுத்தில் எதுவும் வேண்டாம், ஆளுக்கு ஆள் பழைய தாளைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்றார் அவர். அதைக் கேட்டு ஜீவானந்தத்துக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. தடுத்தவர் வேறொருவர் ஆகிவிட்டாரே. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அதிகம் கூசினார். ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட அதே கழுத்துதானே இது என்று தோன்றியதாம்.

வெள்ளிக்கிழமை ஒரு பெட்டியோடு போனார். உள்ளே சின்ன எரிவாயு விளக்கு, கம்பி, அமிலக் குப்பி, நீலக் கண்ணாடி ஒன்று. பொங்கல் வைத்துப் படைத்து முடியும்வரை ஓரமாக நின்றார். வெயில் இறங்கி மரத்தடி மங்கியதும், ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்றார். வெறும் வாயால் சொன்னால் அவளுக்காகப் பரிந்து பேசுகிறார் என்பார்கள். அதனால் சுடரையும் கூட்டி வந்திருந்தார். கல்லடி மண்ணைக் கரைத்துக் கம்பியில் தொட்டுத் தீயில் காட்டினார். மண்ணில் கலந்த உப்பால் தீ மஞ்சளாக எரிந்தது. நீலக் கண்ணாடியைச் சென்றாயன் கண்முன் பிடித்தார். கண்ணாடி மஞ்சளை மறைத்ததும் அடியில் மெல்லிய ஊதா தெரிந்தது. பிறகு காப்பிச் செடி ஓரம் தோண்டிய மண். கண்ணாடியில் ஊதா இல்லை. கண்ணாடி கை மாறிப் போயிற்று. அன்பழகன் பார்த்தான், சென்னம்மாள் பார்த்தாள், பங்காளிகள் பார்த்தார்கள்.

ஊதா நிறம்தான் செடிக்கு வேண்டிய சத்து என்றார் ஜீவானந்தம். அது சாம்பலில் இருக்கிறது, காட்டில் இல்லை. சாம்பலைப் பார்த்துவிட்டுக் காட்டுக்கு வேண்டாம் என்று எழுதியது நான். மூன்று வருடம் செடியைப் பட்டினி போட்டதும் நான். பிறகு உரம் எழுதிக் கொடுத்துத் தேற்றியதும் நான்தான். வந்த பெண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒப்பிக்கிற பையன்போல் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

சென்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்பழகன் எழுந்து மிளகுக் கொடிகளுக்கு நடுவே போய்விட்டான். சென்றாயன் நீலக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ நான் தலைக்குக் குளிச்சுட்டு எடுத்தது தப்புங்களா?"

"இல்லீங்கண்ணா. நான் கேக்காம எழுதினது தப்பு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே" என்றார் சென்றாயன். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்பழகன் மறுநாளே வெள்ளக்கடைக்குப் போனான். அவள் வரவில்லை. தாள் எழுதிய ஆளை வரச் சொல் என்றாளாம். ஜீவானந்தம் போனார். அவள் வீட்டுக்கு முன்னால் மிளகு காய வைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

இப்போதுதான் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாக்கு நுனிவரை வந்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"நீங்க காப்பி குடுத்தீங்களே, அன்னிக்கே தெரியுமுங்க" என்றார்.

அவள் கால் நின்றது.

"அப்போ மண்ணுக்கு மட்டும் மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க."

அவள் மறுபடியும் மிளகைக் கிளறத் தொடங்கினாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலை வரைக்கும் நடந்தே வந்தார்.

பங்குனியில் முதல் மழை விழுந்து காப்பி பூத்திருந்தபோது சுதாராணி மாரமங்கலம் போனாள். யாரும் அழைத்துப்போகவில்லை. தானே பஸ் ஏறிப் போய், நான் இங்கே இருப்பதென்றால் இந்தக் காட்டை இனி நான்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாளாம். சென்னம்மாள் வழிவிட்டாள்.

ஜீவானந்தம் அந்தப் பொங்கல் வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமையே பரிசோதனைக் கூடத்துப் பழைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்து வருடத்துத் தாள்களில் ஒவ்வாத எண் எங்கெல்லாம் இருந்ததோ அந்தத் தோட்டத்துக்கெல்லாம் ஞாயிறு ஞாயிறாகப் போய், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். நான்கு இடத்தில் மண் வந்தது உரம் ஒட்டிய சாக்கில், ஓர் இடத்தில் எடுத்தது மாட்டுக் கொட்டகை ஓரம். ஐந்து பேரிடமும் என் பிழை என்று சொன்னார். இரண்டு பேர் திட்டினார்கள். போலீஸ் என்ற பேர் அப்போது வந்ததுதான். பேர் வந்த கதையை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் குறைவு.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு காலையில் சுதாராணி பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் விரலைப் பிடித்திருந்தது. துணிப்பையை மேசையில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை எடுத்தார். மற்ற எல்லோரிடமும் சரளமாக வருகிற கேள்வியைத் தள்ளிப்போட்டு முதலில் தேதியை எழுதினார். கேட்காமலும் இருக்க முடியாது.

"எங்கீங்க எடுத்தீங்க?"

"பத்து எடத்துல. ஒம்போது அங்குலம்" என்றாள். பிறகு, "பொங்கக் கல்லுகிட்ட எடுக்கலீங்க" என்றாள்.

அது கிண்டலா, தகவலா, அல்லது வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே கட்டத்தில் எழுதினார், கல்லைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. லூர்துசெல்வி குழந்தையைத் தூக்கிக் கருவிக்கு முன்னால் காட்டினாள். நீலச் சுடர் நிறம் மாறுவதைப் பார்த்து அது கை தட்டியது. தாள் தயாராக நான்கு நாள் ஆகும் என்றார். சரிங்க என்றாள்.

நான்காம் நாள் தாளை வாங்கிப்போக அன்பழகன்தான் வந்தான்.